வட்டச் சுவரும் கறுப்புக் கன்றும்

"ஐயோ...!"

அலறியவன் லுவோ டிங். வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம் என்று பெயர் வாங்கியவன்!

பெய்ஜிங் ஆகாயக் கோயிலில் பலிக் கன்றை வளர்ப்பது அவன் வேலை. தொழுவத்து வைக்கோல் மேல் கன்றின் தலை கிடந்தது.

தலை மட்டும்!

"உடம்பு எங்கடா?" காவல் தலைவர் மெங் மூச்சிரைக்க ஓடி வந்தார். "நாளன்னைக்குப் பேரரசர் வர்றாரு! ஒரு முடிகூட நிறம் மாறாத கறுப்புக் கன்னு, ஆகாயத்துக்குக் குடுக்க வேண்டியது! திருடன் கிடைச்சா அவன் தலை போகும். கிடைக்கலைன்னா..."

"என் தலை" என்றான் லுவோ.

"மாத்துக் கன்னு?"

"பக்கத்துத் தொழுவத்துல இருக்குங்க."

"அப்ப திருடனை மட்டும் பிடிச்சுக் குடு. மத்தியானத்துக்குள்ள!"

லுவோ கூடியிருந்தவர்களை நோட்டம் விட்டான். நெடுநேரம்.

மூன்று நாளாகக் கோயில் முழுக்க விரதம். கறி கிடையாது, மது கிடையாது, பூண்டுகூடக் கிடையாது. ஆனால் சடங்கு அதிகாரி ஷென்னின் உதடு மட்டும்... எண்ணெய்ப் பளபளப்பு!

"ஷென் ஐயாவையும் அவருக்குச் சமைச்சுப் போடுற சமையல்காரனையும் வட்டச் சுவருக்குக் கிழக்கால நிக்க வைங்க. கூட வேற யாரும் வேண்டாம். நாம மேற்கால நிப்போம்."

"எதுக்குடா?"

"ரெண்டு பேரும் இந்த மாசந்தான் வந்தாங்க. அந்தச் சுவரைப் பத்தித் தெரியாது."

நீல ஓட்டு மண்டபத்தைச் சுற்றி ஓடும் சுவர். கத்தி முனைகூட நுழையாதபடி இழைத்து அடுக்கிய செங்கல். மேற்குப் பக்கம் லுவோவும் மெங்கும் அதில் காதை ஒட்டினார்கள்.

அறுபது கஜம் தாண்டி, சுவரோடு வழுக்கி வந்தது ஒரு கிசுகிசுப்பு...

"தோல் என்னடா ஆச்சு?"

"எரிச்சிட்டேங்க. ஒரு முடிகூட மிச்சமில்ல... ஏவ்!"

"ஏப்பம் விடாதடா, எருமை!"

லுவோ சுவரில் வாயை வைத்தான். அடித்தொண்டையில்...

"என்... கன்று... எங்கே...?"

எதிர்ப்புறம் தொப்பென்று ஒரு சத்தம்!

"ஆகாயமே, மன்னிச்சிடு! விலா மட்டுந்தான் நான் தின்னேன்! தொடை ரெண்டும் இவன்!"

"பொய்! ஒரு தொடை அவரு!"

காவலர்கள் இருவரையும் இழுத்துப் போனார்கள். மெங் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி பின்னால் நடந்தார்.

முற்றம் காலி.

லுவோ சுவரில் சாய்ந்தான். ஒரு வாரமாக நெஞ்சை அடைத்திருந்த பயம் இறங்கியது. செங்கல்லைத் தடவிக்கொண்டே முணுமுணுத்தான்.

"நல்லவேளை, தோலை எரிச்சானுங்க! வயித்துக்கடியில உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி முளைச்சிருந்துச்சே... நாளைக்குச் சோதனையில பார்த்திருந்தா, வளர்த்த என் தலைதானே போயிருக்கும்! ஷென் காதுல விழற மாதிரி 'இளங்கறி'ன்னு சொல்லிட்டு, தொழுவத்தைத் திறந்து வெச்சேன் பாரு... அடடா!"

பத்து வருட மௌனத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டான்.

சுவர் ஒரு கணம் சும்மா இருந்தது.

பிறகு...

"லுவோ..." கிழக்கிலிருந்து மெங்கின் குரல் தேனாக வழிந்து வந்தது. "நிஜமாவே இந்தக் கோடி வரைக்கும் கேக்குமான்னு பார்க்கத்தான்டா திரும்பி வந்தேன்... கேக்குது!"