கட்டம் மாறிய காய்

காலை ஏழே முக்கால். சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்த மருந்துக்கடைக்காரர், இன்றும் தன் மூளை காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்.

வெள்ளை இரண்டே நகர்வில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும். பேப்பரில் தினமும் வரும் புதிர். மூளைக்குப் பயிற்சி என்று ஆரம்பித்தது. வருடக்கணக்காக, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார். இந்த வாரம் ஒரு நாள்கூட முடியவில்லை. யானையைத் தள்ளிப் பார்த்தார், ராஜா நழுவியது. ராணியைத் தள்ளினார், அப்போதும் நழுவியது.

புதிரில் தோற்றால் யார் குடியும் முழுகாது. ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கை தவறினால் முழுகிவிடும். அதனால்தான் கடையை விற்கத் துணிந்துவிட்டார். மாலை ஆறு மணிக்குச் சாவி வாங்க ஆள் வருகிறார். மனைவியிடம் ‘களைப்பா இருக்கு’ என்றதோடு சரி. உண்மையைச் சொன்னது, ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டரான அக்காவிடம் மட்டும்.

எட்டரைக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கிவிட்டது.

“என்னடா காணோம்?”

“மூளை.”

“கடைசியா எப்பப் பார்த்தே?”

“விளையாடாதே அக்கா. போன ஞாயித்துக்கிழமை.”

“சரி. காலையில என்ன செய்வே? ஒண்ணு விடாம சொல்லு.”

சொன்னார். பேப்பர் வந்ததும் படத்தைப் பார்த்துக் காய்களை அடுக்குவார். அதே பக்கத்தில், கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் புதிரையும் முடிப்பார். பிறகு பேப்பர் மாடி வீட்டுத் தையல்காரருக்குப் போய்விடும்; சந்தா பாதிப் பாதி. அப்புறம் குளியல். குளித்துவிட்டு வந்துதான் பலகை.

“மறுநாள் விடையோட அந்தப் படம் திரும்ப வரும். பார்த்தா, ஒரு காயை நான் தப்பான கட்டத்துல வச்சிருப்பேன். தினமும் ஒரே ஒரு காய். அவமானம் தாங்காம பேப்பரை மடிச்சிடுவேன்.”

“எந்தக் காய்?”

“திங்கள் ராணி. செவ்வாய் குதிரை. புதன் மந்திரி. நேத்து மறுபடி ராணி. எல்லாம் வெள்ளை.”

“சொல் புதிர்ல எத்தனை தப்பு?”

“அதுல ஒண்ணுமில்லையே.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “புத்தி ஓடிப்போனா மூட்டை முடிச்சோட போகும்டா. ஒரு சட்டையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகாது.”

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்பது மணிக்கு இருவரும் மாடியில். தையல்காரர் வாயில் ஊசியோடு வரவேற்றார்.

“கீழ இறங்கிப் போவீங்களா?”

“என் முட்டியைக் கேட்டுச் சொல்றேம்மா. படியைப் பார்த்தாலே அழுவுது.”

“பேப்பர் யார் கொண்டுவர்றது?”

“உங்க தம்பி சம்சாரம்தான். ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு வரும். அதுக்கும் முட்டி வலிபோல.”

பழைய பேப்பர்களை அக்கா கேட்டாள். சட்டைக் கைக்கு அளவு வெட்டியது போக மிச்சம் கிடைத்தது. நல்லவேளை, புதிர்ப் பக்கங்கள் தப்பியிருந்தன. அவள் விரல் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நின்றது.

“டேய், படத்துக்குக் கீழ இருக்கிற வரியைப் படிச்சியா?”

“தப்பு என்னுதுன்னு தெரிஞ்சப்புறம் விடை எதுக்கு?”

அக்கா பக்கங்களைக் கைப்பைக்குள் திணித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் அவளையே பார்த்தபடி படியிறங்கினார். வியாதி உறுதியாகிவிட்டதோ?

கீழே வந்ததும் பலகையைக் காட்டினாள். “ஒரு கறுப்புக் காயைத் தள்ளு.”

“வெள்ளைதானே முதல்ல ஆடணும்?”

“நான் சொல்றேன், தள்ளு.”

ஒரு சிப்பாயைத் தள்ளினார். அக்கா மேசை ஓரத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரைக் கொட்டினாள். “தண்ணி கொட்டிட்டேன், துடைச்சிடும்மா!” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, தம்பியை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

திரும்பி வந்தபோது மேசை காய்ந்திருந்தது. வெள்ளை யானை இடம் மாறியிருந்தது. கறுப்பு ராஜாவுக்குப் போக்கிடமே இல்லை.

“மடங்கிடுச்சு...” அவர் குரல் தேய்ந்தது. “யாரு?”

“உனக்கு முன்னாடியே புதிரை அவிழ்த்தவ. எனக்குச் சதுரங்கம் தெரியாது, தடயம் தெரியும். நீ ‘தப்பா வச்ச’ கட்டம் ஒவ்வொண்ணும் அன்னிக்கு விடையில இருக்கிற கட்டம். நீ குளிக்கிறப்ப ஒருத்தி சரியான முதல் நகர்வை ஆடியிருக்கா. அடுத்து ஆட வேண்டியது கறுப்பு. நீ வெள்ளையையே மறுபடி தள்ளிக்கிட்டு இருந்தே. அவளுக்கு முட்டி வலி இல்லடா. படியில நின்னு புதிரைப் படிச்சிருக்கா.”

கதவருகே ஈரத்துணியோடு மனைவி நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“நீயா? உனக்கு ஆடத் தெரியுமா?”

“தினமும் நீங்க தனியாப் பேசிக்கிட்டே ஆடுவீங்களே, காதுல விழாதா? பதிலுக்கு ஆடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க மறுநாள் கலைச்சிடுவீங்க. அஞ்சு நாளா உங்க முறைதாங்க.”

“வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“சொன்னா விட்டுக்கொடுப்பீங்க. எனக்கு நிஜமா ஜெயிக்கணும்.”

“அதுக்காக இவன் கடையையே விக்கப் பார்த்தான்,” என்றாள் அக்கா. “புத்தி கெட்டுப்போச்சுன்னு.”

மனைவியின் கையிலிருந்த துணி நழுவியது. “களைப்புன்னுதானேங்க சொன்னீங்க!”

அவர் போனை எடுத்தார். “ஆறு மணிக்கு வர வேண்டாங்க. கடை விக்கறதா இல்ல.”

“என்ன சார், திடீர்னு என்ன ஆச்சு?”

கறுப்பு ராஜாவை ஒருமுறை பார்த்தார். “ஒண்ணுமில்ல. வீட்ல தோத்துட்டேன்.”