மூன்றாவது தலையணை

காலை எட்டு மணி. சங்கரன்கோவிலின் அந்தத் தெருவில் அன்று ஒரு தறிகூட ஓடவில்லை. தறி முதலாளி சுயம்புலிங்கம் செத்துக் கிடந்தார். வாசலில் கூடிய சொந்தபந்தம், அவர் மனைவி பொன்செல்வியை முடியைப் பிடித்து இழுக்காத குறையாக வைதுகொண்டிருந்தது.

கூட்டத்தைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டர் ராஜகுமாரிக்கு எரிச்சல் வந்தது. விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில், மடிப்புக்கோடு கலையாத விரிப்பின்மேல், சுயம்புலிங்கம் மல்லாந்து கிடந்தார். எலும்பும் தோலுமான உடம்பு. தலைக்கடியில் ஒரு தலையணை. பக்கத்துச் சாய்வு நாற்காலியில் இன்னும் இரண்டு. நாற்காலித் துணியில் தலை படும் இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. மேஜையில் பாதி குடித்த பால் தம்ளர்.

“பால்ல விஷம் வச்சிட்டா, மேடம்,” என்றான் இறந்தவரின் தம்பி பரமசிவன். “தறி அம்புட்டும் இவ பேருக்கு. பாலைக் குடுத்துட்டு, அம்மைக்குச் சொகமில்லன்னு அஞ்சரை பஸ்ஸுல கரிவலம் போயிட்டா. இப்பத்தான் வாரா.”

“நீங்க எப்போ பாத்தீங்க?”

“ஆறு மணிக்கு ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். அண்ணன் இதே மாதிரி மல்லாந்து, நல்லா கொறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தான். ஏழு மணிக்கு வந்து எழுப்புதேன், எந்திரிக்கல.”

பொன்செல்வி கண்ணைத் துடைத்தாள். “அவுகளுக்கு நெஞ்சுல நோவு, மேடம். இதயத்தைச் சுத்திக் கொழுப்புன்னு திருநெல்வேலி டாக்டர் சொன்னாரு.”

“அந்த ஒல்லிக்குச்சிக்குக் கொழுப்பா? ஏட்டி, உனக்குத்தான் கொழுப்பு!” பரமசிவன் கையை ஓங்கினான். “உன்னைய பொணத்தத் தொட விடமாட்டேன். கொள்ளி நான் வைப்பேன்.”

கூட்டம் ஆமாம் போட்டது.

ராஜகுமாரி அந்தத் திருநெல்வேலி டாக்டர் எபினேசருக்குப் போன் செய்தாள்.

“ஒல்லியா இருந்தாலும் இதயத்தைச் சுத்திக் கொழுப்பு படியலாம், மேடம். அவருக்கு இதயம் சரியா விரிய முடியாம செயலிழந்துக்கிட்டே வந்துச்சு. நுரையீரல்ல அப்பப்ப நீர் கோத்துக்கும்.”

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். பிறகு பிணத்தின் தலைக்கடியில் இருந்த தலையணையை உருவிப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பாக நுரை காய்ந்திருந்தது.

“பரமசிவன், உங்க அண்ணனால மல்லாந்து படுக்கவே முடியாது. படுத்தா மூச்சு முட்டும்னு டாக்டர் சொல்லுதாரு. மாசக்கணக்கா இந்த நாற்காலியில சாஞ்சு உக்காந்துதான் தூங்கியிருக்காரு, துணியைப் பாருங்க. கட்டில் விரிப்புல மடிப்புகூடக் கலையல. கொறட்டை விட்டவரை எந்த ஜன்னல்ல பாத்தீங்க?”

பரமசிவன் வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தான்.

“நாற்காலியில தூங்கினவரு முகத்துல இந்தத் தலையணையை வச்சு அமுக்கியிருக்கீங்க. அவரு வாயில வந்த நுரைதான் இதுல காஞ்சிருக்கு. தூக்கத்துலயே விஷம் ஏறிச் செத்த மாதிரி இருக்கணும்னு கட்டில்ல கிடத்தியிருக்கீங்க. மதினி ஜெயிலுக்குப் போனா தறி உங்களுக்கு. நோவு வந்த மனுஷன் எப்படித் தூங்குதாருன்னு ஒரு நாள் வந்து பாத்திருந்தா இன்னிக்குத் தப்பிச்சிருப்பீங்க.”

“எனக்கு ஒத்தத் தறி தரமாட்டேன்னுட்டான்!” என்று கத்தினான் பரமசிவன். கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார்.

இதுவரை வைத வாய்களெல்லாம் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடத் தொடங்கின. பொன்செல்வி வாசலுக்கு வந்தாள்.

“ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்துக் குடுத்ததும் அவுகளுக்குக் கொள்ளி நான் வைப்பேன். உங்கள்ல ஒருத்தரும் வரக்கூடாது.”

கதவைச் சாத்தினாள்.