எல்லைக்காறர் நிற்கும் வாசல்

சப்பாத்துகளின் நுனி கதவைப் பார்க்கும்படிதான் கேசிகா வைத்திருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே போய்ப் பெட்டியின் சிப்பை இழுத்து மூடிவிட்டு வந்து பார்த்தால், இரண்டும் வீட்டுக்குள்ளே பார்த்துத் திரும்பியிருந்தன. திருப்பி வைத்தாள். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுபடியும் உள்ளேதான் பார்க்கின்றன.

நல்ல பகல். ஆபிரிக்காப் பக்கமிருந்து வந்த சிரொக்கோக் காற்று பலெர்மோவை வறுத்துக்கொண்டிருந்தது. யன்னல்களின் மரத்தட்டிகளை இறுக்கிச் சாத்தியிருந்ததில் வெளிச்சம் நிலத்தில் கோடு கோடாகக் கிடந்தது. கீழே சந்தைத் தெருவில் மீன் கழுவிய தண்ணீர் காயும் வாடையும், படிக்கட்டில் யாரோ ஊற்றிய பிளீச்சின் வாடையும் கதவிடுக்கால் வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. சேற்று வாடை. ஈரத்தில் புகையும் சுருட்டின் வாடை.

பின்னேரம் தொரினோவுக்கு ரயில். அங்கே ஒரு கம்பனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பட்டமளிப்பன்று அவள் தலையில் சூட்டிய இலைக் கிரீடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துப் படமெடுத்து உலகமெல்லாம் அனுப்பியவர் அப்பா ஜெயரட்ணம். வேலை கிடைத்ததும் அதே மனிதர், "குமர்ப்பெட்டை தனிய இருக்கிறதோ?" என்றார். கத்தவில்லை, கடவுச்சீட்டை ஒளிக்கவில்லை. காலையில் பகேரியாவுக்குத் தோட்டவேலைக்குப் போகும்போது வாசலில் நின்று சிரித்தார்.

"எல்லைக்காறர் விட்டால் போ பிள்ளை. நானோ மறிக்கிறன்?"

எல்லைக்காறர் என்றால் கதவோரம் இருக்கும் கல்தான். அதில் இருப்பவர் ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணம் முடிந்து வன்னி தொடங்கும் கடனீரேரிக் கரையில் காவல் நின்ற சிப்பாய். அப்பாவின் பூட்டன்மாருக்கெல்லாம் பூட்டன். சீட்டில்லாத எவரையும் கடக்க விட்டதில்லையாம். அவரிடம் அடிவாங்கித் தாங்க ஏலாமல் போன மனைவி ஒருநாள் தாய்வீட்டுக்குப் போகவென்று முழங்கால் தண்ணீரில் இறங்கினாளாம். அவளிடமும் சீட்டுக் கேட்டாராம்.

"கொல்லேல்லை," என்று அப்பா கலியாண வீடுகளில் சொல்லுவார். "குதிநரம்பை மட்டும் அறுத்தவர். நேர்மை எண்டால் அது."

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்த மனுசி அதற்குப் பிறகு நிலத்தில் இருந்தபடி அரக்கி அரக்கியே சமைத்தாள், அரக்கி அரக்கியே பிள்ளைகளை வளர்த்தாள். அவளுக்கு என்ன பேர் என்று ஒருமுறை கேசிகா கேட்டாள். "அதெல்லாம் ஆர் ஞாபகம் வைக்கிறது?" என்றார் அப்பா. தாள் இல்லாமல் காடும் பனியும் தாண்டி இந்த நாட்டுக்குள் பூந்த மனிதர், தாள் கேட்டவனைக் கும்பிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் கடிபடும்.

செத்த பிறகும் விட்டுவைக்கவில்லை அந்தச் சிப்பாய். பயத்தில் ஊரார் கல் நட்டார்கள். சுட்ட கருவாடும் சாராயமும் சுருட்டும் வைத்து மடை போட்டார்கள். போன வருடம் அப்பா ஊருக்குப் போய் அந்தக் கல்லை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டுக்கு வெளியே, படிக்கட்டு மேடையில் வைத்தார். மேல்மாடி வெள்ளைக்காறச் சிஞ்ஞோரா கருவாட்டுப் புகை என்று சண்டைக்கு வர, கல்லை உள்ளே எடுத்துக் கதவடியில் வைத்துவிட்டார். அந்தக் கிழமையே அம்மா ஞானம்பிகைக்குக் கால் ஏலாமல் போனது. மொண்டெல்லோவில் வீடு வீடாகப் படியேறித் துடைத்தவள். படம் பிடித்துப் பார்த்த டொக்டர்மார் காலில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை.

அந்தக் கிழமைக்குப் பிறகு விட்டிருந்த மடையை இன்று காலை அப்பா வெளிக்கிடும்போது மறுபடி போட்டிருந்தார். மகள் போகிற நாள் என்று தெரிந்தே போட்டிருந்தார்.

"மறி பாப்பம்," என்று கேசிகா கல்லைப் பார்த்துச் சொன்னாள். சப்பாத்தை உதறிவிட்டு, வெறுங்காலோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். படிக்கட்டில் வெயில். எங்கோ ஒரு வீட்டில் வானொலி பாடியது. ஒரு காலைத் தூக்கினாள்.

தண்ணீர்ச் சத்தம்.

வீட்டுக்குள்தான். காய்ந்த மார்பிள் தரையில் யாரோ முழங்கால் ஆழத் தண்ணீரை விலக்கி விலக்கி நடந்து வருகிறார்கள். அவசரமில்லை. தளக். பிறகு ஒரு நீண்ட இழுவை. தளக். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. சுருட்டுப் புகை அவள் தோளுக்கு மேலால் வந்து வெயிலில் கலைந்தது.

குதிக்காலில் குளிர்.

இரும்பின் குளிர். வெட்டவில்லை. தொட்டது. வலது குதி. பிறகு இடது. நரம்பு எங்கே ஓடுகிறது என்று தடவிப் பார்க்கிறது. அவள் காலை உள்ளே எடுத்தாள். குளிர் போய்விட்டது. மறுபடி நீட்டினாள். இந்த முறை நூல்போல ஒரு கீறல். சூடாக ஏதோ வழிந்தது.

"போகாதை பிள்ளை."

அம்மா. அறையிலிருந்து கைகளை ஊன்றி, தரையில் அரக்கி வந்திருந்தாள். "எனக்கும் முதல் உப்பிடித்தான் தொட்டுப் பாத்தது."

"ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"கொப்பாட்டைச் சொன்னனான். சிரிச்சவர்."

கேசிகா கல்லின் பக்கம் திரும்பினாள். "இவருக்கு எங்களை ஆரெண்டு தெரியாதோ? அவற்றை ரத்தம்தானே நாங்கள்?"

"அவருக்கு ஆக்களைத் தெரியாது. மடை திண்டு எழும்பினால் முன்னாலை வாறவையைத்தான் மறிப்பார். ஊரிலை அவரை உள்ளுக்கை வைக்கிறேல்லை பிள்ளை. படலைக்கு வெளியிலை, றோட்டைப் பாத்து வைக்கிறது. மடை சமைக்கிற எங்களுக்கு அது தெரியும். கும்பிடுற ஆம்பிளையளுக்குத் தெரியாது."

கேசிகா நிலம் துடைக்கும் தடியை எடுத்து வந்தாள். கல்லின் பின்னால் கொடுத்து நெம்பினாள். அவ்வளவு சின்னக் கல், வர மறுக்கும் ஆளின் பாரம் இருந்தது அதில். "அறுவானே, போ," என்று பல்லைக் கடித்துத் தள்ளினாள். வாசற்படியில் ஏறி நின்றது. இன்னொரு தள்ளு. வெளியே விழுந்தது. கையை மட்டும் நீட்டி அதைப் படிக்கட்டைப் பார்க்கத் திருப்பினாள். மடைத்தட்டையும் பின்னாலேயே தள்ளினாள்; சாராயம் ஊற்றுண்டது.

தண்ணீர்ச் சத்தம் அவள் இடுப்பை உரசிக்கொண்டு வெளியே போனது.

வீடு சட்டென்று வெறும் வீடானது. பிளீச் வாடை, மீன் வாடை. "விரல் ஆடுது," என்றாள் அம்மா, தன் காலையே பார்த்தபடி. "பார், விரல் ஆடுது."

"எழும்புங்கோ. நீங்களும் வாறியள்."

அப்போதுதான் கீழே திறப்புக்கோர்வை கிலுங்கியது. அப்பா. மகள் போகவில்லை என்பதைப் பார்க்கவென்றே நேரத்தோடு வந்திருந்தார். ஏறிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்ன தொரினோக்காறி, இன்னும் போகேல்லையோ?"

குரலில் அந்தச் சிரிப்பு. கேசிகா வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் கணுக்காலைப் பிடித்தது.

"சொல்லாதை."

சொல்லியிருக்கலாம். நில்லுங்கோ என்று ஒரு சொல் போதும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசி வளைவில் அப்பா திரும்பினார். நின்றார். எதிரே வெறும் படிகள், வெறும் வெயில். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் மறந்துபோய்க் கிடந்து, பிறகு போனது.

"நான் ஜெயரட்ணம்," என்றார் வெறும் இடத்தைப் பார்த்து. "இந்த வீட்டுக்காறன். உங்கடை பேரன்."

தளக்.

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு குனிந்த தலையோடு, சட்டைப்பையிலிருந்து இந்த நாட்டில் இருக்க விட்ட அந்த பெர்மெஸ்ஸோ அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அட்டை அவர் கையை விட்டுப் போனது. கீழே விழவில்லை. ஓராள் நெஞ்சு உயரத்தில் நின்றது. மெல்லத் திரும்பியது. முன்பக்கம். பின்பக்கம். தலைகீழாக. வாசிக்கத் தெரியாத யாரோ பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குதிகளை உயர்த்தி நுனிக்காலில் நின்று, அந்த வெறும் இடத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்.