டிப்ஸ்டிக்கில் குறையாத எண்ணெய்

ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும், தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில், ஆறிப்போன பால் டீ நிறத்தில் கூழ் எழும்பி நின்றது. மெக்கானிக்குக்குக் கோபம்தான் வந்தது. டீசல் வண்டியில் தண்ணீரோடு எண்ணெய் கலந்தால் இப்படித்தான் இருக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், இன்ஜின் எண்ணெய் மேல்கோட்டில் நின்றது. மூன்று நாளில் ரேடியேட்டரிலிருந்து நாலு லிட்டர் எண்ணெயை வழித்தாயிற்று. இன்ஜினில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"நீதான் ஊத்துற," என்றார் மச்சானிடம். மனைவியின் தம்பி; அந்த வேனின் டிரைவர்.

"ஊத்துறதுன்னா என் வாயிலதான் அத்தான் ஊத்துவேன்."

"எண்ணெய் மூடி எது, தண்ணி மூடி எதுன்னு தெரியாம மாத்தி ஊத்தின ஆளுதானே நீ."

"அது ஒரு தடவ. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி."

நாலு மணிக்கு வேன் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிப் போகவேண்டும். முதலில் ஏறுவது மெக்கானிக்கின் மகள். இதே பட்டறை வாசலில். "எண்ணெய் கலந்தா என்ன, பிள்ளைங்க அதக் குடிக்கவா போகுதுங்க?" என்று வேன் முதலாளி போனில் கேட்டிருந்தார். மெக்கானிக் போனை ஸ்பேனர்களுக்கு நடுவே வீசினார். காரணம் தெரியாமல் தன் பிள்ளையை இதில் ஏற்றுவதில்லை என்று அந்தக் கணமே முடிவுசெய்தார்.

எண்ணெயும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ஆயில் கூலரைக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் காற்றேற்றி, தண்ணீர் டிரம்மில் முக்கினார். ஒரு குமிழி இல்லை. அதைத் திரும்பப் பூட்டினார். சிலிண்டர்களில் காற்றடைத்துப் பார்த்தார், இரண்டையும் பிரித்து வைக்கும் கேஸ்கெட்டும் கசியவில்லை. எண்ணெய் வர வழியே இல்லை. ஆனாலும் வந்துகொண்டிருந்தது. இதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

கம்பிரஸர் அடங்கியது. மச்சான் தண்ணீர் பிடிக்கப் போனான். பட்டறையில் சத்தமெல்லாம் வடிந்தபின், பானட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓசை மட்டும் மிஞ்சியது. வெறும் வாயை மெல்லுவது போன்ற, ஈரமான, அவசரமில்லாத ஓசை. கூழில் விரலை விட்டார். வண்டி நேற்றிலிருந்து ஓடவில்லை. கூழ் வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தார். கருகிய டீசல் நாற்றமில்லை. தூங்கி எழுந்தவரின் வாய் நாற்றம்.

"என்னையா ஏமாத்துற?" என்றார் வண்டியிடம். பல்லைக் கடித்துக்கொண்டு வடிகுழாயைத் திறந்து எல்லாவற்றையும் வடித்தார். வண்டிக்குள் இருக்கும் ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸைப் பிடுங்கினார். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கையில் காற்றுக்குழாய் இருக்கும்போதே, எல்லா மெக்கானிக்கும் கோபத்தில் செய்வதைச் செய்தார். வாயை வைத்து ஊதினார்.

சுலபமாகப் போனது. மிகச் சுலபமாக. உள்ளே ஏதோ விரிந்தது.

மூச்சு வாங்க நிறுத்தினார்.

அது திருப்பி ஊதியது.

வெதுவெதுப்பாக. பல்லைத் தாண்டி. தொண்டையைத் தாண்டி. உதட்டைப் பிடுங்க முடியவில்லை. பிறகு ஏதோ ஒன்று அவருக்குள்ளிருந்து குழாய்க்குள் போயிற்று. உதடு விடுபட்டது. தரையில் உட்கார்ந்தார்.

மச்சான் வாளியோடு வந்து ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தான். "அத்தான், நான் ஊத்தவே இல்ல, அதுக்குள்ள நீங்களே நெறச்சிட்டீங்களா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

வாசலில் மகள் வந்து நின்றாள். தோளில் துண்டு.

ஏறாதே.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பால் டீ நிறக் கூழ் கீழுதட்டில் திரண்டு, மோவாயில் இறங்கி, சட்டைப்பையில் நிறைந்தது. மகள் அவரைப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அப்பா அங்கிருந்துதான் கூப்பிட்டார்.

"ஏறு கண்ணு," என்றது வேனுக்குள்ளிருந்து அவர் குரல், அவருடைய அதே எரிச்சலோடு. "அப்பா பாத்துட்டேன். வண்டில ஒண்ணுமில்ல."

அவள் ஏறினாள்.

மச்சான் இன்னும் ரேடியேட்டர் முன்னால்தான் குனிந்திருந்தான். வேனின் கதவு உள்ளிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது.