இரண்டாவது ஒப்புதல்

முப்பத்தொன்றாம் எண் கேமரா அனுப்பியிருந்த படத்தில் ஒன்றுமே இல்லை. பனி போர்த்திய நான்கு ஊசியிலை மரங்கள், சாய்ந்த பிர்ச் மரம் ஒன்று, கிளைகள் வரை இறங்கிவிட்ட மேகம். அவற்றின் நடுவே யாரோ ஒரு மஞ்சள் கட்டம் வரைந்து, அதன் தலையில் 'ஆள்' என்று குறித்திருந்தார்கள்.

வெர்னா லாத்தி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். கட்டத்துக்குள் பனிதான் இருந்தது. கீழே வழக்கம்போல இரண்டு பெயர்கள். முதலில் கண்டவர், டெல்ஃபின் போஷாம். ஆமாம் என்று ஒப்பியவர், வெர்னா லாத்தி.

வடக்கு மிஷிகனில் ஓநாய்களும் மான்களும் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கின்றன என்று அறிய ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நாற்பது கேமராக்களைக் காட்டில் கட்டியிருந்தன. படங்கள் தாமாகவே பொதுச் சர்வருக்கு வந்து சேரும். அங்கங்கே தங்கள் வீடுகளில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்து, தெரிந்ததைச் சுற்றிக் கட்டம் வரைவார்கள். இரண்டாவது ஒருவர் ஆமாம் என்றால்தான் அது கணக்கில் சேரும். சேர்ந்த பின் யாராலும் அழிக்க முடியாது. தாங்கள் குறித்த ஓநாய்களை இன்னொரு பல்கலைக்கழகத்தார் அழித்துவிட்டார்கள் என்று முதல் வருடம் கிளம்பிய சண்டைக்குப் பிறகு, அந்த விதியை எழுதியவளே வெர்னாதான். யாருக்குக் கணக்கு, யாருக்கு எந்த அனுமதி என்பதெல்லாம் அவள் பொறுப்பு. மனிதர்கள் பதிவான படங்களை எல்லோரும் பார்க்கக்கூடாது என்பதால், அவற்றை ஒப்பும் அனுமதி இரண்டே பேருக்கு இருந்தது. அவளுக்கும், காட்டில் கேமராக்களைக் கவனித்துக்கொள்ளும் ரஸ் கங்காஸுக்கும்.

இது மான் வேட்டைப் பருவம். காடு முழுக்க ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் திரிந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு இந்த வருடத் தரவுகளை மூடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுக்கும் மேற்பட்ட 'ஆள்' படங்கள் தேங்கிக் கிடந்தன. வெர்னா எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றைக்கூடத் திறக்காமல் 'ஆமாம்' என்று அழுத்திவிட்டுச் சௌனா நீராவிக் குளியலுக்குப் போய்விட்டாள். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான்.

இப்போது புதன்கிழமை மதியம் இரண்டு மணி. களநிலையத்தில் அவள் மட்டும் இருந்தாள். வனத்துறை கைவிட்ட மரவீடு அது. ஹீட்டர் முனகியது. வெளியே கூரை விளிம்பிலிருந்து பனி நழுவி மெத்தென்று விழும் சத்தம் அவ்வப்போது கேட்டது.

திட்டத் தலைவர் டாக்டர் பிரையருக்குப் போன் செய்தாள். அவர் தெற்கே, பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

"காலிப் படத்துல ஆள்னு போட்டிருக்காங்க. நானும் பாக்காம ஒத்துக்கிட்டேன். ஒன்னு ரெண்டை மட்டும் பூட்டைத் திறந்து எடுத்துடவா?"

"வெர்னா, ரெண்டு பேர் ஆமான்னு சொன்னா அது ஆமாம்தான். எழுதினது நீங்க. உங்களுக்காகத் திறந்தா நாளைக்கு மத்த அஞ்சு பல்கலைக்கழகக்காரங்களும் வரிசையில வந்து நிப்பாங்க. வேணும்னா மூணாவதா ஒருத்தர்கிட்டக் கருத்துக் கேளுங்க, அதுக்குத்தான் வழி இருக்கே. வெள்ளிக்கிழமை மூடணும், ஞாபகம் இருக்கில்ல?"

அவள் டெல்ஃபின் போஷாமின் பெயரில் தேடினாள். டெல்ஃபின் முப்பது வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். எழுபத்து நான்கு வயதிலும், தூரத்து முயலின் காதைக்கூடத் தவறவிடாதவர். இந்த மாதத்தில் 'ஆள்' என்று அவர் குறித்தவை பதினான்கு. பதினான்கிலும் யாரும் இல்லை.

தேதி வாரியாக அடுக்கினாள். முதல் படம் ஏரிக்கரையில் இருக்கும் முப்பத்தொன்பதாம் கேமரா. பிறகு முப்பத்தாறு. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. மரம் வெட்டுகிறவர்கள் எப்போதோ போட்ட பழைய மண்பாதை ஏரியிலிருந்து இந்தக் களநிலையத்தின் வாசல் வழியாகப் பெருஞ்சாலைக்குப் போகும். எண்கள் அந்தப் பாதையோரமாகவே இறங்கி வந்தன. கட்டங்களின் அளவை எடுத்துப் பார்த்தாள். பக்கத்து மரத்தடியில் வரைந்ததும், நூறடி தள்ளி மேட்டில் வரைந்ததும், பதினான்கும் அச்சாக ஒரே உயரம்.

பத்தாவது படம் பனிப்பொழிவின்போது எடுத்தது. திரை முழுக்க வெள்ளைக் கீற்றுகள். கட்டத்துக்குள் மட்டும் ஒரு கீற்றுகூட இல்லை. அங்கே பனி விழவில்லை. விழாத அந்த இடத்துக்கு ஓர் உருவம் இருந்தது. ஒடுங்கிய தோள். தலை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, சுவருக்கு அந்தப்புறம் பேசுவதை ஒட்டுக்கேட்பவர்களின் தலையைப்போல.

வெர்னா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு தான் முதலில் திறந்த படத்துக்கே திரும்பிப் போய்ப் பார்த்தாள். சற்றுமுன் காலியாக இருந்த முப்பத்தொன்றாம் படத்தில், பிர்ச் மரத்தின் அருகே, ஈரப் பட்டையின் நிறத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

நான்காவது முறை மணி அடித்தபோது டெல்ஃபின் போனை எடுத்தார். பின்னால் தொலைக்காட்சியில் ஏதோ விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அட, வெர்னாக் கண்ணா! என்ன, வேலைய விட்டுத் தூக்கப் போறியா? சம்பளமில்லாத ஆளை எப்படித் தூக்குவே?"

"இல்லைங்க. நீங்க கட்டம் போட்ட சில படங்களைப் பத்திக் கேக்கணும். ஏரிப்பாதைப் படங்க."

தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"உனக்குத் தெரிய ஆரம்பிச்சிடுச்சா?" என்றார் டெல்ஃபின்.

வெர்னா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு முதல்ல படத்துல மட்டும்தான் தெரிஞ்சுது. அப்புறம் எங்க தெருமுனையில. அப்புறம் என் தபால் பெட்டிகிட்ட. மூணு நாள் அங்கேயே நின்னான். யார்கிட்டச் சொல்றது? கெழவிக்கு மூளை கலங்கிடுச்சுன்னு ஹோம்ல கொண்டு போய்ப் போட்டுடுவாங்க. இன்னொருத்தரும் ஆமான்னு சொல்லட்டுமேன்னு தெனமும் கட்டம் போட்டேன். ஞாயித்துக்கிழமை நீ சொன்னே. அன்னைக்கு ராத்திரிலேர்ந்து எனக்கு எங்கேயும் ஒன்னும் தெரியல. குழந்தை மாதிரி தூங்கறேன்."

"டெல்ஃபின், அது என்ன?"

"தெரியாது கண்ணா. தப்பா எடுத்துக்காதே." போன் வைக்கப்பட்டது.

மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. நவம்பரில் இங்கே அப்படித்தான். நாலரைக்குள் முழுசாக இருட்டிவிடும். வெர்னா விளக்குகளையெல்லாம் போட்டாள். பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். உட்கார்ந்த கையோடு திரையின் மூலையில் ஒரு புதுப் படம் வந்து விழுந்தது. ஒன்பதாம் கேமரா. இதில் யாரும் கட்டம் வரையவில்லை. தேவையும் இருக்கவில்லை. பாதையின் நடுவில் நின்றது, தலையைச் சாய்த்தபடி. காலடித் தடங்கள் கிடையாது. ஒன்பதாம் கேமரா இங்கிருந்து முக்கால் மைல்.

மூன்று இருபது. ஆறாம் கேமரா.

மூன்றே முக்கால். நான்காம் கேமரா. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பனியின் நிறம்.

அறைக்குள் ஏதோ வாடை வரத் தொடங்கியிருந்தது. ஹீட்டரில் கம்பளி காய்கிற வாடை என்று முதலில் நினைத்தாள். இல்லை. வெகுநாள் தண்ணீருக்கடியில் கிடந்த மரக்கட்டையைப் புரட்டினால் வரும் வாடை. ஹீட்டரின் முனகல் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. நின்ற இடைவெளியில் முன்பக்கப் படிக்கட்டின் பலகை ஒன்று கிறீச்சிட்டது. ஒரே ஒரு முறை. பாரம் ஏறி, இறங்காத சத்தம்.

இரண்டாம் கேமரா, வாசல் கம்பத்தில் இருப்பது, படம் அனுப்பியது. களநிலையத்தின் கதவு. கதவை முட்டிக்கொண்டு ஒரு முதுகு.

வெர்னாவுக்கு டாக்டர் பிரையர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்றாவதாக ஒருவர். அனுமதி இருப்பது இரண்டே பேருக்கு. ரஸ்ஸை அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். போன வசந்தத்தில் அவள் அப்பாவை அடக்கம் செய்தபோது, உறைந்திருந்த மண்ணை இரண்டு நாள் நின்று வெட்டியவன் அவன். படிவத்தையும் படத்தையும் அவன் என்றைக்குமே பார்த்ததில்லை. கையெழுத்து கேட்டால் போட்டுவிடுவான்.

பார்க்காமல் ஒப்பினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கணம் எண்ணிக்கொண்டாள். தானும் பார்க்காமல்தான் ஒப்பினாள் என்பது அடுத்த கணமே நினைவில் தட்டியது. விரல் அதற்குள் அவன் எண்ணை அழுத்தியிருந்தது.

"என்னங்க மகாராணி, ஹீட்டர் பக்கத்துல உக்காந்து அலுத்துப் போச்சா?"

"எங்க இருக்கே ரஸ்?"

"ஏரிக்கரையில. முப்பத்தொம்பதுக்கு பேட்டரி மாத்திட்டு வண்டிக்குப் போயிட்டு இருக்கேன். கை வெறைச்சு மரக்கட்டை ஆயிடுச்சு. எனக்குன்னு ஏதாவது சாப்பிட வெச்சிருக்கியா, இல்ல எல்லாத்தையும் நீயே முழுங்கிட்டியா?"

"இருக்கு." கதவின் பலகை மெல்ல உள்நோக்கி அழுந்துவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரஸ், ஒரு படம் அனுப்பறேன். மூணாவது கருத்து வேணும். போன்லயே போட்டுடு."

"அனுப்பு, அனுப்பு." நடக்கும்போது பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, நான்கு வருடத்தில் முதல்முறையாக, அவன் கேட்டான்: "என்ன இருக்கு அதுல?"

தாழ்ப்பாள் நடுங்கியது.

"வேட்டைக்காரன் ஒருத்தன். வேற ஒன்னும் இல்ல."

"இவ்வளவுதானா? இந்தா, ஆமான்னு அமுக்கிட்டேன். போதுமா? வந்துட்டே இருக்கேன்."

கதவு மெல்ல நிமிர்ந்தது. வாடை போய்விட்டது. ஹீட்டர் சீராக ஓடத் தொடங்கியது. திரையில் வெறும் கதவு. நான்காம், ஆறாம், ஒன்பதாம் கேமராக்களில் வெறும் பாதை. முப்பத்தொன்றில் நான்கு மரங்களும் ஒரு பிர்ச்சும். வெர்னா மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். டெல்ஃபின் சொன்னது சரி. தூங்கக்கூட முடியும்போல இருந்தது.

தலையை நிமிர்த்தியபோது முப்பத்தொன்பதாம் கேமராவிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்தன.

முதல் படத்தில் ரஸ் தன் வண்டியை நோக்கி நடக்கிறான். அடுத்ததில் நின்றுவிட்டான். அதற்கடுத்ததில் முகத்தை வண்டிப் பக்கம் வைத்தபடியே பின்வாங்கியிருக்கிறான். வண்டியின் அருகே எதுவும் இல்லை. அவள் கண்ணுக்கு எதுவும் இல்லை. நான்காவதில் அவன் பூட்ஸ் கரையைத் தாண்டிவிட்டது. ஏரி உறையத் தொடங்கி ஆறு நாள்தான் ஆகிறது. நாய்கூட இறங்காது. ஆறாவது படத்தில் அவன் இருபதடி உள்ளே இருந்தான். காலைச் சுற்றிப் பனிக்கட்டியில் வெள்ளைக் கோடுகள் கிளைத்திருந்தன.

அவள் கூப்பிட்டாள். எடுத்தான்.

"வெர்னா." கிசுகிசுப்பாக. "வேட்டைக்காரன்னு சொன்னியே."

"ரஸ், அசையாதே. அசையாதே."

"கரையில நிக்குது. தலையை சாச்சிட்டு. கீழ வெடிக்குது வெர்னா, கால் வெக்க முடியல. இது என்ன? நீதானே அனுப்பினே, சொல்லு, இதை எப்படிப் போகச் சொல்றது?"

அவளுக்குத் தெரியும். திரையில், அவன் நிற்கும் படத்தின் கீழே, எல்லாப் படங்களுக்கும் வரும் கேள்வி வந்து நின்றது. ஆள்? ஆமாம். இல்லை. அந்த 'ஆமாம்' மேல் ஒரு விரல் போதும். அது கரையை விட்டுப் போய்விடும். இங்கே வந்துவிடும்.

"வெர்னா? இருக்கியா?"

கையைத் தூக்கினாள். கதவைப் பார்த்தாள். கையை மடியில் வைத்து, அதன்மேல் மற்றக் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பத்து நொடிக்கு ஒரு படம். எதிரே ஏதாவது அசைந்தால்தான் அந்தக் கேமரா படம் எடுக்கும். ரஸ் அசையவில்லை. தொப்பி, தோள், காதோடு ஒட்டிய போன், எல்லாம் படத்துக்குப் படம் அதே இடத்தில். கேமராவின் கண்ணாடியில், மிகக் கிட்டத்தில், வட்டமாக ஒரு மூச்சு படிந்தது. விலகியது. படிந்தது.

"வெர்—"

ஒரு நீண்ட முறிவு. தண்ணீரின் சத்தம், கொஞ்சம்தான்.

கண்ணாடி தெளிந்த அடுத்த படத்தில் ஏரி இருண்டிருந்தது. நடுவே ஒரு கறுத்த துளை. அதன் விளிம்பில், பனிக்கட்டி மேல், போனின் சிறு வெளிச்சம். பக்கத்தில் யாரும் இல்லை. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. வெர்னாவின் காதில், அவசரமே இல்லாமல், யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.