தலைமாறிய கம்பி

பழைய ரேடியோவில் கழற்றிய வளையத்தில் சுற்றிய இரண்டாவது கம்பியின் இரு முனைகளையும் தலைமாற்றிப் பற்றவைத்திருந்தான். அப்படி வைத்தால் பஸ்ஸர் கத்தவே கூடாது. கத்தியது.

பதினெட்டு வருஷமாக ரேடியோ மெக்கானிக். இந்தத் தப்பு அவனுக்குத் தெரியாததல்ல. கரண்ட் போய் நாலு நாள்; பற்றவைக்கும் கோலைக்கூட அடுப்பில்தான் காய்ச்சினான். வாசலில் முழங்காலளவு தண்ணீர், கடைகள் அடைப்பு. உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தம்பிக்குக் கத்திக் கூப்பிடத் தெம்பில்லை. சளி தொண்டையை அடைத்தால் விரலோடு கட்டிய பொத்தானை அமுக்குவான். முன்னறையில் பஸ்ஸர் கத்தும். இவன் ஓடிப்போய்ப் புரட்டி முதுகைத் தட்டுவான். பஸ்ஸருக்கு ஒன்பது வோல்ட் வேண்டும். மிஞ்சியதோ சுவர்க்கடிகாரத்தில் ஓய்ந்துபோன ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று. அதன் வோல்ட்டை ஒன்பதாக ஏற்றிக் கொடுக்கத்தான் இந்த வளையமும் ஒரு டிரான்சிஸ்டரும்.

"செத்த பேட்டரியைக்கூட விடமாட்டியாண்ணா?" என்று காலையில் தம்பி கேட்டான்.

"செத்துடுச்சுன்னு யாருடா சொன்னா? இன்னும் கொஞ்சம் இருக்கு. உறிஞ்சி எடுக்கணும், அவ்வளவுதான்."

"என்னையும் அப்படித்தானே ஓட்டிட்டிருக்க."

இருவரும் சிரித்தார்கள்.

ஓடுகிற சாமானை நோண்டக்கூடாது என்பது அவன் தொழில் பழக்கம். கம்பியை அப்படியே விட்டான்.

மத்தியானம் பஸ்ஸர் கத்தியது. ஓடினான்.

"நான் அமுக்கலையேண்ணா." உதடு வெளுத்திருந்தது. "ஆனா என்னமோ இழுக்குது. விரல் வழியா."

"ஈரம்டா. தூங்கு."

மறுபடி கத்தியது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், கன்னம் காலையில் இருந்ததைவிட உள்ளே போயிருந்தது. மூன்றாம் தடவை இவன் எழுந்து போகவில்லை. நான்காம் தடவை பஸ்ஸரைச் சனியன் என்று திட்டினான். சுவரெல்லாம் ஈர வாடை, ஈயப் புகை, மழை இருட்டில் மத்தியானம் எப்போது சாயங்காலமானது என்றே தெரியாமல் மேஜைமேல் அந்தச் சன்னமான கத்தல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. கத்தல் வரவர உரத்தது. பேட்டரி தீரத் தீரச் சத்தம் குறையத்தானே வேண்டும்?

சரி, கம்பியை மாற்றிவிடலாம். பேட்டரியைக் கழற்றினான்.

நிற்கவில்லை.

பேட்டரி உள்ளங்கையில். பஸ்ஸர் கத்துகிறது.

ஓடினான்.

தம்பியின் கண்கள் பாதி திறந்திருந்தன. தொட்டான். சில்லிட்டிருந்தது. தாடை விறைத்திருந்தது. முடிந்து வெகுநேரம். இவன் எழுந்து போகாத ஏதோ ஒரு தடவையில்.

விரல் மட்டும் பொத்தானை அமுக்கியது. எடுத்தது. அமுக்கியது.

கம்பியைப் பிடுங்கினான். வெறும் பொத்தான் கையோடு வந்தது. முன்னறையில் கத்தல் ஓயவில்லை.

நெஞ்சு அசையவில்லை. மூச்சில்லை. விறைத்த வாய் மெல்லத் திறந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குண்ணா."

பொத்தான் இல்லாமலே விரல் படுக்கையை அமுக்கியது.