வழி தவறாத விமானம்

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல். பதற்றம் இல்லை. அழுகை இல்லை. அதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"சார்... எங்க அபார்ட்மென்ட் மாடிப்படியில ஒருத்தர் விழுந்து கிடக்கார். தலையெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீங்களும் வாங்க."

"தவறி விழுந்துட்டாராம்மா?"

"இறங்கும்போது தவறினா ஒண்ணு குப்புற விழணும், இல்ல வழுக்கி உக்காரணும். இவர் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளின மாதிரி தலை கீழயும் கால் மேலயுமா மல்லாந்து கிடக்கார். யாரோ மேல ஏற விடாமத் தள்ளியிருக்காங்க சார்..."

ஜீப் பறந்தது.

யுத்த காலத்துத் தெரு. கடைக் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக டேப். பாதி இறக்கிய ஷட்டர்கள். நடந்து போகிறவர்கள் அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கரண்ட் இல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அந்த மனிதர் கிடந்தார். முப்பது வயது இருக்கலாம். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஒற்றைச் செருப்பு மேல்படியில்!

"போயிட்டார் போலிருக்கேய்யா..." என்றார் ஏட்டு.

"வாயைக் கழுவுய்யா! டாக்டர் சொல்லட்டும்."

ஸ்ட்ரெச்சர் இறங்கிப் போனது. போன் செய்த பெண் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தெரு முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள்.

"யாரும்மா அவர்?"

"மூணாவது மாடி. என் எதிர் வீடு."

"சொந்தக்காரங்க?"

"அவருக்கு யாரும் கிடையாது சார்." மேல்படியில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். "எனக்கும்."

அந்த மாடியிலேயே ஒரு கதவு, சங்கிலியோடு நாலு விரற்கடை திறந்தது. உள்ளிருந்து கிசுகிசுப்பு.

"சார்! அவளைப் புடிச்சு உள்ள போடுங்க! அவ யாரு தெரியுமா? போன வருஷம் கடல்ல விழுந்துச்சே பயணிகள் விமானம்... அதை ஓட்டின பைலட்டோட பொண்டாட்டி! வழி தவறிப் போய் அத்தனை பேரைச் சாகடிச்சானே, அவன்தான்! அவ ஏறினா நாங்க லிஃப்ட்லகூட ஏற மாட்டோம்!"

கதவு சாத்திக்கொண்டது.

அந்த விமானத்தை யார் மறப்பார்கள்? எதிரி குண்டு போட்டுக்கொண்டிருந்த வாரம். கடற்கரை ஏவுகணை நிலையம் அதை எதிரி விமானம் என்று நினைத்துச் சுட்டது. 'பைலட் பாதை மாறித் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் வந்துவிட்டார்' என்றது ராணுவம். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

ஏட்டு மூச்சிரைக்க மேலிருந்து இறங்கி வந்தார்.

"ஐயா! விழுந்தவர் வீட்டுல ராணுவ அடையாள அட்டை கிடந்துச்சு. லெப்டினன்ட்! எந்த இடம்னு பாருங்க..."

பார்த்தார். கடற்கரை ஏவுகணை நிலையம்!

"யோவ்... சுட்டவன் ஒரு வீடு. ஓட்டினவன் மனைவி எதிர் வீடு!"

"கேஸ் தானா வந்து மடியில உக்காருதுங்கய்யா!"

அவள் வீடு. ஒரு மேசை. இரண்டு நாற்காலி. கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள்.

"தனி ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு தட்டு?"

"ஒண்ணு அவருக்கு சார். தினமும் ஒரு வேளை இங்கதான் சாப்பிடுவார்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "அவர் யாருன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"விளையாடாதீங்க! புருஷனைக் கொன்னவனுக்குச் சோறு போடுறேன்னு சொன்னா நான் நம்பணுமா?"

அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு பேசினாள்.

"என் வீட்டுக்காரர் போன அன்னிக்கு இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூடத் துக்கம் கேட்க வரல சார். உடம்பும் கிடைக்கல. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் நானே சாத்திக்கிட்டேன்... சில மாசம் கழிச்சு இவர் எதிர் வீட்டுக்குக் குடி வந்தார். வாரா வாரம் கடைக்கு வந்து கண்ணைச் சோதிக்கச் சொல்லுவார். கண்ணுல ஒரு கோளாறும் இல்ல! ஒருநாள் கேட்டுட்டேன்... 'உங்களுக்கு என்னதான் சார் வேணும்?' அப்படியே உடைஞ்சு போயிட்டார். 'அந்தப் பட்டனை அழுத்தினது நான்தாங்க... உங்ககிட்ட சொல்லத்தான் இங்க வீடு பிடிச்சேன்'னார்."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"கொன்னுடலாம்னு தோணுச்சு. கையில கத்தரிக்கோல்கூட இருந்துச்சு."

ஏட்டு மெல்ல ஒரு அடி பின்னால் போனார்.

"அப்புறம் அவரே சொன்னார்... 'உங்க வீட்டுக்காரர் சரியான பாதையிலதான் வந்தார். திரையில பார்த்தேன். அது மேல ஏறிக்கிட்டிருக்கு சார், குண்டு போட வர்றது இப்படி ஏறாதுன்னு எங்க மேலதிகாரி கர்னல்கிட்ட கத்தினேன். அவர் பயத்துல அழுத்து அழுத்துன்னார். அழுத்திட்டேன்'னு. யோசிச்சுப் பாருங்க சார்! என் புருஷன் வழி தவறலன்னு இந்த உலகத்துல தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. கர்னல் வாயைத் திறக்க மாட்டார். இவரும் செத்துட்டா?"

குரல் முதல் தடவையாகப் பிசிறடித்தது.

"இவர் சாகத் துணிஞ்சப்போ ராத்திரி பகலாக் காவல் இருந்தேன். சாப்பிடலன்னா திட்டினேன். பாசம்லாம் இல்ல சார்... ஒரு வார்த்தை ஆறுதலாப் பேசினதில்ல. எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடுவோம், எழுந்து போயிடுவார். நாளைக்கு விசாரணைக் குழு முன்னாடி உண்மையைச் சொல்றதா ஒத்துக்கிட்டார். நேத்து கர்னல் போன் பண்ணி, 'வந்து பேசறேன்'னாராம். இன்னிக்கு நான் கடையிலிருந்து வர்றதுக்குள்ள..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கம்மா."

டாக்டர் இன்ஸ்பெக்டரையும் அவளையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏட்டு வெளியே நகத்தைக் கடித்தார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் கல்லாய் இருந்தது.

"ஏட்டு... பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லிடு. லெப்டினன்ட் செத்துட்டார்!"

அவள் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். யாரோ வந்து உட்காரப் போகிற மாதிரி பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். யாரும் வரவில்லை.

மாலைக்குள் கர்னலே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். மொறமொறப்பான சீருடை. நெஞ்சு நிறைய மெடல்கள்.

"கேள்விப்பட்டேன் இன்ஸ்பெக்டர். பாவம்! கடைசியா ஏதாவது சொன்னானா?"

"ஒரு வார்த்தை சொல்லல சார்."

கர்னலின் தோள்கள் தளர்ந்தன.

"மனசாட்சி உறுத்தியிருக்கும். தானே விழுந்துட்டான். ஃபைலை மூடிடுங்க."

"மூடிடறேன் சார்!" இன்ஸ்பெக்டர் குழைந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம்... தப்பா நினைக்கக் கூடாது. பைலட் பாதை மாறினார்னு நீங்க சொன்னது நாளைக்கு விசாரணைக் குழுவுல நிக்காதுன்னு பேசிக்கறாங்க. எங்கேயோ ஒரு ரேடார்ல அந்த விமானம் பதிவாகியிருக்காம்."

கர்னலின் முகம் மாறியது. "அதனால?"

"பழியை இடம் மாத்திட்டா? லெப்டினன்ட் உங்க உத்தரவு இல்லாமலே சுட்டுட்டான்னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போறான்?"

கர்னல் அவரை உற்றுப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"நீங்க இருக்க வேண்டிய இடம் இது இல்ல இன்ஸ்பெக்டர். மேல எங்கேயோ இருக்க வேண்டியவர்!"

அவர் போனதும் ஏட்டு வெடித்தார்.

"ஐயா! இத்தனை வருஷம் உங்ககூட இருந்தேன். இப்படிக் காலை நக்குவீங்கன்னு..."

"நாளைக்குக் காலையில யூனிஃபார்மைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வாய்யா. டி.வி.ல வருவ."

மறுநாள். ராணுவ அலுவலகத்தின் கூடம். விசாரணைக் குழு கூடுமுன் கர்னலே கூட்டிய பத்திரிகையாளர் சந்திப்பு. காமிராக்கள். மைக்குகள். நேரடி ஒளிபரப்பு!

கடைசி வரிசையில் அவள். யாரோ அடையாளம் கண்டு முணுமுணுக்க, அந்த வரிசையே காலியானது. அவள் அசையவில்லை.

கர்னல் தொண்டையைச் செருமினார்.

"கனத்த மனசோட ஒரு உண்மையைச் சொல்றேன். அந்த விமானத்தைச் சுட நான் உத்தரவு கொடுக்கல. லெப்டினன்ட் பதற்றத்துல தன்னிச்சையாச் சுட்டுட்டான். அவனைக் காப்பாத்த நினைச்சு இத்தனை நாள் மௌனமா இருந்தேன். நேத்து அவன் தன் முடிவைத் தானே தேடிக்கிட்டான். பைலட் மேல எந்தத் தப்பும் இல்ல!"

கூடத்தில் சலசலப்பு. இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார்.

"சார்... பின்னாடி சரியாக் கேக்கல. பைலட்டைப் பத்திச் சொன்னதை இன்னொரு தடவை சொல்றீங்களா?"

கர்னலுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மைக்கை நெருங்கினார்.

"விமானம் அதோட பாதையிலதான் வந்தது. அந்த பைலட் ஒரு இம்மிகூட வழி தவறல!"

கடைசி வரிசையில் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. வெறும் மடியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். கேட்க வேண்டியவர் கேட்கிற தூரத்தில் இல்லை.

"ஏட்டு! கதவைத் திறய்யா!"

சக்கர நாற்காலி உருண்டு வந்தது. தலை நிறையக் கட்டு. கண்கள் மட்டும் உயிரோடு...

லெப்டினன்ட்!

கர்னலின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்து உருண்டது.

"பட்டனை அழுத்தினது இந்த விரல்தான்." லெப்டினன்ட் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கறேன். ஆனா, வேண்டாம்னு கத்தினேன். அழுத்துன்னு உத்தரவு போட்டது அவர். நேத்து, சாட்சி சொல்லியே தீருவேன்னு திரும்பி மாடி ஏறினவனை முந்தி ஏறி வந்து மறிச்சு, நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினதும் அவரேதான்!"

காமிராக்கள் அந்தப் பக்கம் பாய்ந்தன. ஏட்டு வாயைப் பிளந்தார்.

"ஐயா... அப்ப ஆஸ்பத்திரியில?"

"கண்ணு முழிச்சுட்டார்யா. யோசனை அந்தம்மாவோடது. 'இவர் சாட்சி சொன்னா ஒருத்தர் பேச்சுக்கு எதிரா இன்னொருத்தர் பேச்சுன்னு போயிடும் சார். கர்னல் வாயாலேயே வரணும். பழி போட ஒரு பிணம் கிடைச்சா என் புருஷனை விட்டுடுவார்'னாங்க. லெப்டினன்ட்டும், 'என் மேல போடட்டும்'னு சம்மதிச்சுட்டார்."

லெப்டினன்ட் சக்கர நாற்காலியைக் கடைசி வரிசைக்கு உருட்டிக்கொண்டு போனார். அவள் முன்னால் நின்றார்.

"என்னை மன்னிக்க முடியுமா?"

"முடியல."

அவர் தலை கவிழ்ந்தது.

"ஜெயிலுக்குப் போற வரைக்கும் சாப்பாட்டுக்கு வந்துடுங்க," என்றாள் அவள். "எனக்கு ஒருத்திக்கு மட்டும் சமைக்க வரல."

மேடையில் கர்னல் திமிறினார். "இது அக்கிரமம்! செத்துட்டான்னு பொய் சொல்லி என்னை ஏமாத்திட்டீங்க!"

ஏட்டு விலங்கை மாட்டினார். அனுதாபத்தோடு உச்சுக் கொட்டினார்.

"எங்களை ஏன் சார் திட்டறீங்க? இந்தத் தடவையும் சரியாப் பாக்காம நீங்கதானே சுட்டீங்க!"